நியூயார்க்கில் பஞ்சு விலை ஏறினால் சுந்தரபாண்டியம் தறி நிற்பது ஏன்? உள்ளூர் சந்தை, வெளிநாட்டு சந்தை வித்தியாசம் என்ன?

சுந்தரபாண்டியம்:-

"நூல் விலை மறுபடியும் ஏறிருச்சாமே அண்ணாச்சி... பாவு வருமா, வராதா?"

ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு வட்டாரத்தில் தறி ஓடும் தெருக்களில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. சுந்தரபாண்டியத்தில் நெசவை நம்பி இருக்கிற குடும்பங்களுக்கு பஞ்சு விலை என்பது பேப்பரில் படிச்சுட்டு மடிச்சு வைக்கிற செய்தி இல்லை. நூல் விலை தாறுமாறாக ஏறினால் பாவு கொடுப்பவர் கையை கட்டிக்கொள்வார். பாவு இல்லாவிட்டால் தறி நிற்கும். தறி நின்றால் அந்த வாரம் கூலி கிடையாது.

பக்கத்து ராஜபாளையத்தில் ஸ்பின்னிங் மில்கள், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி என இந்த வட்டாரமே பஞ்சை சுற்றித்தான் ஓடுகிறது. ஆனால் அந்த பஞ்சுக்கு விலை வைப்பது ராஜபாளையமும் இல்லை, விருதுநகரும் இல்லை. மும்பையில் ஒரு சந்தை, நியூயார்க்கில் ஒரு சந்தை. இந்த 2 இடத்திலும் பஞ்சு மூட்டையை யாரும் கண்ணால் பார்ப்பது கூட இல்லை. கம்ப்யூட்டரிலேயே கோடிக்கணக்கில் கை மாறுகிறது.

இதைத்தான் முன்பேர வர்த்தகம் என்கிறார்கள். "கமாடிட்டி மார்க்கெட்" என்றும், "ஆன்லைன் வர்த்தகம்" என்றும் சொல்வது இதுதான். இதில் உள்ளூர் சந்தைக்கும் வெளிநாட்டு சந்தைக்கும் என்ன வித்தியாசம்? சாதாரண ஜனங்கள் இதில் இறங்கலாமா? யார் எங்கே ஏமாறுகிறார்கள்? விவரம் வருமாறு:-

இன்றைக்கு விலை, 3 மாதம் கழித்து சரக்கு

ஒரு மில்லுக்கு 3 மாதம் கழித்து பஞ்சு வேண்டும். அன்றைக்கு என்ன விலை இருக்குமோ தெரியாது. அதனால் இன்றைக்கே ஒரு விலை பேசி ஒப்பந்தம் போட்டுக்கொள்வதுதான் முன்பேர வர்த்தகம்.

பஞ்சை வியாபாரிகள் "கேண்டி" கணக்கில் பேசுவார்கள். ஒரு கேண்டி என்பது 356 கிலோ. மும்பை எம்.சி.எக்ஸ். சந்தையில் பருத்திக்கு ஒரு "லாட்" என்பது 48 கேண்டி.

ஒரு பேச்சுக்கு, கேண்டி 55 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லாட் மதிப்பு 26 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய். ஆனால் முழு பணத்தையும் கட்ட வேண்டியது இல்லை. "மார்ஜின்" எனப்படும் முன்பணம் கட்டினால் போதும். அது 10 சதவீதம் என்று வைத்தால் 2 லட்சத்து 64 ஆயிரம்.

மில்காரர் 55 ஆயிரத்துக்கு ஒரு லாட் வாங்கி வைக்கிறார். 3 மாதம் கழித்து விலை 60 ஆயிரம் ஆகிவிட்டது. வெளி மார்க்கெட்டில் பஞ்சு வாங்க அவருக்கு 2 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் கூடுதல் செலவு. ஆனால் முன்பேர கணக்கில் அதே 2 லட்சத்து 40 ஆயிரம் லாபம் வந்துவிடும். கடைசியில் அவருக்கு அடக்க விலை 55 ஆயிரம்தான்.

விலை 50 ஆயிரமாக இறங்கினால்? முன்பேர கணக்கில் 2 லட்சத்து 40 ஆயிரம் போய்விடும். ஆனால் பஞ்சு வாங்கும்போது அதே அளவு மிச்சமாகும். அப்போதும் அடக்கம் 55 ஆயிரம்தான். மழைக்கு முன்னாடியே குடை வாங்கி வைக்கிற மாதிரிதான் இது. மழை பெய்யாவிட்டால் "குடைக்கு கொடுத்த காசு வீண்" என்று யாரும் அழுவது இல்லை.

ஆனால் மில்லும் இல்லாமல், பஞ்சும் இல்லாமல், வெறும் "விலை ஏறும்" என்ற நம்பிக்கையில் ஒருவர் அதே ஒரு லாட் வாங்கினால் கதையே வேறு. கேண்டிக்கு ஆயிரம் ரூபாய் இறங்கினால் அன்றைக்கே அவர் கணக்கில் 48 ஆயிரம் ரூபாய் கழித்துவிடுவார்கள். தினமும் சாயங்காலம் இந்த லாப, நஷ்ட கணக்கு பார்த்து பணம் எடுப்பார்கள், அல்லது போடுவார்கள். 5 ஆயிரத்து 500 ரூபாய் இறங்கினால் கட்டிய முன்பணம் முழுசும் காலி. அவருக்கு மறுபக்கம் மிச்சமாகும் பஞ்சு எதுவும் இல்லை. மேற்கொண்டு பணம் கட்டாவிட்டால் புரோக்கரே லாட்டை விற்று கணக்கை முடித்துவிடுவார்.

1875-லேயே தொடங்கிய வியாபாரம்

இது ஏதோ கம்ப்யூட்டர் வந்த பிறகு முளைத்தது என்று நினைத்தால் தப்பு. இந்தியாவில் பருத்தி முன்பேர வர்த்தகம் 1875-ம் ஆண்டிலேயே பம்பாய் பருத்தி வியாபாரிகள் சங்கம் மூலம் தொடங்கியது. நியூயார்க் பருத்தி சந்தை அதற்கு 5 ஆண்டு முன்னால் 1870-ல் தொடங்கப்பட்டது.

சுதந்திரத்துக்கு பிறகு 1952-ல் முன்பேர ஒப்பந்த ஒழுங்குமுறை சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு இதை கண்காணிக்க முன்பேர சந்தை ஆணையம் அமைக்கப்பட்டது. 1960-களில் தட்டுப்பாடு, விலைவாசி உயர்வு காரணமாக பருத்தி உள்பட பல பொருட்களுக்கு இந்த வியாபாரம் தடை செய்யப்பட்டது. அதன்பிறகு ஏறத்தாழ 40 ஆண்டுகள் இந்த தொழில் முடங்கியே கிடந்தது.

2003-ல்தான் கதவு மறுபடி திறந்தது. அந்த ஆண்டு நவம்பரில் எம்.சி.எக்ஸ்., டிசம்பரில் என்.சி.டி.இ.எக்ஸ். என 2 பெரிய ஆன்லைன் சந்தைகள் தொடங்கின. தங்கம், வெள்ளி, கச்சா எண்ணெய், பருத்தி முதலியவை எம்.சி.எக்ஸ்.சிலும், மஞ்சள், சீரகம், கொத்தமல்லி போன்றவை என்.சி.டி.இ.எக்ஸ்.சிலும் நடக்கின்றன.

2013-ல் என்.எஸ்.இ.எல். என்ற உடனடி சந்தையில் சுமார் 5 ஆயிரத்து 600 கோடி ரூபாய் பட்டுவாடா ஆகாமல் நின்றது. சுமார் 13 ஆயிரம் முதலீட்டாளர்கள் பணம் மாட்டிக்கொண்டது. குடோனில் இருப்பதாக சொன்ன சரக்கு பல இடங்களில் இல்லவே இல்லை. அதன்பிறகு 2015 செப்டம்பர் 28-ந் தேதி முன்பேர சந்தை ஆணையம் செபியுடன் இணைக்கப்பட்டது. இப்போது பங்குச்சந்தைக்கும், பொருள் சந்தைக்கும் ஒரே காவல்காரர் செபிதான்.

நியூயார்க் விலை நம்மூருக்கு வரும் வழி

உலகத்தில் பஞ்சு விலைக்கு அடையாளம் நியூயார்க்கை சேர்ந்த ஐ.சி.இ. சந்தைதான். அங்கே கிலோ, கேண்டி கணக்கு கிடையாது. ஒரு பவுண்டு எடைக்கு இத்தனை சென்ட் என்று விலை சொல்வார்கள். ஒரு லாட் 50 ஆயிரம் பவுண்டு. விலை ஒரு சென்ட் அசைந்தால் ஒரு லாட்டுக்கு 500 டாலர் கூடும், அல்லது குறையும்.

ஒரு கேண்டிக்கு 784 பவுண்டு. நியூயார்க்கில் 80 சென்ட் என்றால் ஒரு கேண்டிக்கு 627 டாலர் 20 சென்ட். டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் 53 ஆயிரத்து 312 ரூபாய். அதே டாலர் 88 ரூபாய் ஆகிவிட்டால் 55 ஆயிரத்து 193 ரூபாய்.

கவனிக்க வேண்டியது இதுதான். பஞ்சு விலை ஒரு சென்ட் கூட ஏறவில்லை. ஆனாலும் கேண்டிக்கு 1,881 ரூபாய் கூடிவிட்டது. ரூபாய் மதிப்பு இறங்கினாலே நம்மூர் பஞ்சுக்கு விலை ஏற இடம் கிடைத்துவிடுகிறது.

இதற்கு மேல் கப்பல் செலவு, இன்சூரன்ஸ், துறைமுக செலவு உண்டு. இறக்குமதி வரி தனி. 2021 பட்ஜெட்டில் பஞ்சுக்கு மொத்தம் 11 சதவீத இறக்குமதி வரி போடப்பட்டது. மேலே சொன்ன 53 ஆயிரத்து 312 ரூபாய்க்கு 11 சதவீதம் என்றால் 5 ஆயிரத்து 864 ரூபாய். 2022-ல் சில மாதங்களும், 2025 ஆகஸ்டு 19-ந் தேதி முதல் அந்த ஆண்டு இறுதி வரையும் இந்த வரி ரத்து செய்யப்பட்டது. வரி இருக்கிறதா இல்லையா என்பதை பொறுத்தே உள்ளூர் விலையும், வெளிநாட்டு விலையும் நெருங்கும், விலகும்.

தரமும் வேறு. நியூயார்க் ஒப்பந்தம் அமெரிக்க பருத்திக்கானது. எம்.சி.எக்ஸ். ஒப்பந்தம் இந்திய பருத்திக்கானது. நம்மூர் காட்டில் விளையும் பருத்தி இந்த 2 தரத்துக்கும் ஒத்து வரும் என்று சொல்ல முடியாது. அதனால் "சந்தையில் இத்தனை ரூபாய் போட்டிருக்கு, எனக்கு மட்டும் குறைச்சு கேக்குறாங்களே" என்று விவசாயி கேட்பதில் நியாயம் இருந்தாலும், 2 விலையும் அப்படியே ஒன்றாக இருக்காது.

நாம் தூங்கும்போது நடக்கும் வியாபாரம்

இன்னொரு பெரிய வித்தியாசம் கடிகாரம். எம்.சி.எக்ஸ்.சில் பருத்தி வியாபாரம் இரவு 9 மணிக்கு முடிந்துவிடும். அப்போது நியூயார்க்கில் பகல். வியாபாரம் சூடாக நடக்கும் நேரம்.

உலக பருத்தி விளைச்சல், இருப்பு பற்றி அமெரிக்க விவசாயத்துறை மாதாமாதம் வெளியிடும் அறிக்கை அங்கே பகல் 12 மணிக்கு வரும். நமக்கு அது இரவு 9½ மணி, குளிர்காலத்தில் 10½ மணி. அதாவது நம்ம கடையை மூடிய பிறகுதான் பெரிய சேதியே வருகிறது. நியூயார்க்கில் அன்று ராத்திரி விலை விழுந்தால், இங்கே லாட் வைத்திருப்பவர் விற்று தப்பிக்க முடியாது. காலையில் சந்தை திறக்கும்போதே விலை பள்ளத்தில் இருக்கும்.

இந்த கடிகார வித்தியாசம் எவ்வளவு ஆபத்து என்பதற்கு 2020 ஏப்ரல் 20-ந் தேதி சம்பவமே சாட்சி. கொரோனா ஊரடங்கு காரணமாக அப்போது எம்.சி.எக்ஸ். மாலை 5 மணிக்கே மூடப்பட்டது. அன்றைக்கு கச்சா எண்ணெய் பேரலுக்கு சுமார் 965 ரூபாயில் இங்கே வியாபாரம் முடிந்தது. ராத்திரியோடு ராத்திரியாக அமெரிக்காவில் விலை பூஜ்ஜியத்துக்கும் கீழே போய், மைனஸ் 37 டாலர் 63 சென்டில் முடிந்தது. எண்ணெயை வைக்க இடம் இல்லாமல், "காசும் தர்றோம், எண்ணெயையும் எடுத்துட்டு போங்க" என்கிற நிலை.

எம்.சி.எக்ஸ். ஒப்பந்தம் அமெரிக்க விலையை வைத்தே முடிக்கப்படுவது. அதனால் இங்கேயும் பேரலுக்கு மைனஸ் 2 ஆயிரத்து 884 ரூபாய் என்று கணக்கு முடிக்கப்பட்டது. ஒரு லாட் 100 பேரல். 965 ரூபாயில் வாங்கி வைத்தவருக்கு ஒரு லாட்டுக்கு சுமார் 3 லட்சத்து 85 ஆயிரம் ரூபாய் நஷ்டம். அவர் போட்ட மொத்த சரக்கின் மதிப்பே 96 ஆயிரத்து 500 ரூபாய்தான் என்பது குறிப்பிடத்தக்கது.

2022-ல் நடந்தது என்ன?

பஞ்சு விஷயத்தில் நெசவாளர்களும், மில்காரர்களும் மறக்க முடியாத ஆண்டு 2022. நியூயார்க்கில் மே மாத தொடக்கத்தில் பவுண்டு விலை 1 டாலர் 50 சென்டை தாண்டியது. 2011-க்கு பிறகு அவ்வளவு உயரம் அதுதான் முதல்முறை. இந்தியாவில் கேண்டி ஒரு லட்சம் ரூபாயை தாண்டியது.

நூல் விலை எகிறியது. மே 16, 17 ஆகிய 2 நாட்கள் திருப்பூரில் பின்னலாடை கம்பெனிகள் வேலைநிறுத்தம் செய்தன. பஞ்சை பதுக்குகிறார்கள், எம்.சி.எக்ஸ்.சில் ஊக வியாபாரம் செய்கிறார்கள், அதனால்தான் விலை ஏறுகிறது, பருத்தியை அந்த சந்தையில் இருந்தே நீக்க வேண்டும் என்று ஜவுளித்தொழில் தரப்பில் குரல் எழுந்தது.

மத்திய அரசு ஏப்ரல் 14-ந் தேதி முதல் 11 சதவீத இறக்குமதி வரியை ரத்து செய்தது. ஆகஸ்டு மாதம் எம்.சி.எக்ஸ். பருத்தி வர்த்தகத்துக்கு கட்டுப்பாடு வந்தது. பேல் கணக்கு கேண்டி கணக்காக மாற்றப்பட்டு, ஒப்பந்த விதிகள் திருத்தப்பட்டு, 2023 பிப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது.

இதில் ஒரு பாடம் உள்ளது. உள்ளூர் சந்தையில் கதவை பூட்டியபோதும் நியூயார்க் சந்தை நிற்கவில்லை. அங்கே டிசம்பர் மாத ஒப்பந்தம் ஜூலையிலேயே 1 டாலருக்கு கீழே போயிருந்தது. இங்கேயும் பிறகு விலை இறங்கியது. உச்ச விலைக்கு பஞ்சு வாங்கி குடோனில் அடுக்கிய மில்கள் கையை சுட்டுக்கொண்டன. இங்கே ஊக வியாபாரம் விலையை கொஞ்சம் கூடுதலாக தள்ளிவிடலாம். ஆனால் உலக தட்டுப்பாட்டை மும்பையில் பூட்டு போட்டு தடுக்க முடியாது.

அரசு இப்படி பூட்டு போடுவதும் புதிது அல்ல. 2007 ஜனவரியில் துவரை, உளுந்து முன்பேர வர்த்தகம் தடை செய்யப்பட்டது. அடுத்த மாதம் அரிசி, கோதுமை. 2021 டிசம்பரில் கொண்டைக்கடலை, பாசிப்பயறு, சோயாபீன்ஸ், கடுகு, பாமாயில் உள்பட 7 பொருட்களுக்கு செபி தடை போட்டு, அதை பலமுறை நீட்டித்தது. பருப்பு, எண்ணெய் வியாபாரத்துக்கு பேர்போன விருதுநகர் மார்க்கெட் வியாபாரிகளுக்கு இது நேரடி பாதிப்பு. உள்ளூர் சந்தையில் இறங்குகிறவர் இந்த ஆபத்தையும் சேர்த்தே கணக்கு போட வேண்டும்.

வெளிநாட்டு சந்தையில் யார் இறங்கலாம்?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "நியூயார்க்லயே நேரா டிரேடிங் பண்ணலாம் சார், டாலர்ல லாபம்" என்று வாட்ஸ்-அப்பில் வரும் ஆட்கள் சொல்லாத விஷயம் ஒன்று உள்ளது.

இந்தியாவில் வசிக்கும் தனிநபர் வெளிநாட்டு முன்பேர சந்தைக்கு மார்ஜின் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிப்பது இல்லை. ஒருவர் படிப்பு, வைத்தியம், சுற்றுலா, முதலீடு போன்றவற்றுக்கு ஆண்டுக்கு 2½ லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். ஆனால் அந்த திட்டத்திலேயே, வெளிநாட்டு சந்தைக்கு மார்ஜின் கட்ட அனுப்பக்கூடாது என்று தெளிவாக சொல்லப்பட்டு உள்ளது.

மில்கள், கம்பெனிகளுக்கு வழி உண்டு. வெளிநாட்டு பஞ்சு வாங்கும் ஒரு மில் விலை ஏற்ற இறக்கத்தில் இருந்து தப்பிக்க, தன் வங்கி மூலமாக வெளிநாட்டு சந்தையில் காப்பு எடுக்கலாம். இதற்கு 2018 மார்ச்சில் ரிசர்வ் வங்கி விதிமுறை வெளியிட்டது. அதிலும் தனிநபர்களுக்கு இடம் கிடையாது. உண்மையான சரக்கு வியாபாரம் இருக்க வேண்டும்.

சுருக்கமாக சொன்னால், எம்.சி.எக்ஸ்.சில் ரூபாயில், செபி கண்காணிப்பில், பதிவு பெற்ற புரோக்கர் மூலம் யார் வேண்டுமானாலும் வியாபாரம் செய்யலாம். பிரச்சினை வந்தால் புகார் கொடுக்க இடம் உண்டு. வெளிநாட்டு சந்தை சரக்கு வைத்திருக்கும் கம்பெனிகளுக்கு மட்டும்.

உஷார்... உஷார்!

இதற்கு நடுவே மூன்றாவது ஒரு "சந்தை" இருக்கிறது. அதுதான் டப்பா டிரேடிங். எம்.சி.எக்ஸ். விலையை பார்த்து, சந்தைக்கே போகாமல், ஒரு ஆள் நோட்டில் எழுதி நடத்தும் சூதாட்டம். லாபம் வந்தால் அவன் கையில் இருந்து தர வேண்டும். பெரிய லாபம் வந்த அன்றைக்கு அவன் போன் ஸ்விட்ச் ஆப். இது சட்டப்படி குற்றம். 10 ஆண்டு வரை ஜெயில், 25 கோடி ரூபாய் வரை அபராதத்துக்கு இடம் உள்ளது. ஏமாந்தவர் போலீசுக்கு போகவும் தயங்குவார். அதுதான் அவர்களுக்கு தைரியம்.

இப்போது அதே வேலையை செல்போன் ஆப் மூலம் செய்கிறார்கள். ஆப்பில் லாபம் லட்சக்கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். எடுக்கப் போனால், "வரி கட்டு, பீஸ் கட்டு" என்பார்கள்.

பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை:-

* புரோக்கருக்கு செபி பதிவு எண் இருக்கிறதா? ஐ.என்.இசட். என்று தொடங்கும் அந்த எண்ணை செபி இணையதளத்தில் சரிபார்க்கலாம்.

* ரொக்கமாக பணம் கேட்டால் கொடுக்கக்கூடாது. தனியார் பெயரில் உள்ள வங்கி கணக்குக்கு அனுப்ப சொன்னாலும் ஆகாது.

* வியாபாரம் நடந்த 24 மணி நேரத்துக்குள் ஒப்பந்த சீட்டு வர வேண்டும். வராவிட்டால் சந்தேகப்பட வேண்டும்.

* "மாதம் 5 வட்டி, 10 வட்டி கேரண்டி" என்று யார் சொன்னாலும் அது பொய். முன்பேர சந்தையில் கேரண்டி என்ற வார்த்தையே கிடையாது.

* பணம் போய்விட்டால் 1930 என்ற சைபர் கிரைம் எண்ணுக்கு உடனே போன் செய்ய வேண்டும். தாமதிக்க தாமதிக்க பணம் கிடைப்பது கஷ்டம். புரோக்கர் மீது புகார் என்றால் செபியின் "ஸ்கோர்ஸ்" தளம் உள்ளது.

நெசவாளிக்கு என்ன வழி?

தறி போட்டிருப்பவர் 26 லட்ச ரூபாய் லாட்டை வாங்கி காப்பு எடுக்க முடியாது. 48 கேண்டி என்பது 17 ஆயிரம் கிலோவுக்கு மேல். ஒரு குடும்பத்துக்கு அத்தனை பஞ்சு எதற்கு? இந்த சந்தை அவர்களுக்காக அமைக்கப்பட்டது அல்ல. மில்லும், பெரிய வியாபாரியும் காப்பு எடுத்து நூல் விலையை நிதானமாக வைத்தால், அந்த பலன் கடைசியில் தறி வரை வரும். அவ்வளவுதான்.

கைத்தறிக்கு இன்னொரு ஏற்பாடும் உண்டு. 2021-22 முதல் 2025-26 வரையிலான மத்திய அரசு திட்டத்தில், தேசிய கைத்தறி வளர்ச்சிக் கழகம் மூலம் பருத்தி சிட்டா நூலுக்கு 15 சதவீத விலை மானியம் வழங்க வழி செய்யப்பட்டது. சந்தையில் பணம் போட்டு தேடும் லாபத்தை விட, சேர வேண்டிய மானியம் ஒழுங்காக வந்து சேருகிறதா என்று சங்கத்தில் கேட்டு வாங்குவது நெசவாளிக்கு நிச்சயமான காசு.

விலை எங்கே போகிறது என்று பார்ப்பதற்கு மட்டும் காசு செலவு இல்லை. நியூயார்க் விலை, டாலர் மதிப்பு, இறக்குமதி வரி. இந்த 3-ம் எந்த பக்கம் சாய்கிறது என்று தெரிந்தால், அடுத்த பாவுக்கு நூல் விலை ஏறுமா, இறங்குமா என்பதை ஓரளவு முன்கூட்டியே ஊகிக்கலாம். கூலி பேசும்போதும் அது கை கொடுக்கும்.

"பாவு வருமா, வராதா" என்ற கேள்விக்கு பாதி பதில் நியூயார்க்கில் இருக்கிறது. மீதி பாதி டெல்லியில் இருக்கிறது. தெரியாத ஆள் அனுப்பும் வாட்ஸ்-அப் லிங்கில் மட்டும் அது நிச்சயமாக இல்லை.